தேசம்மாளுக்கு எந்த லென்ஸ்?

செப். 18, வியாழன்

இரவு மழை; காலையில் புழுக்கம். திருவள்ளூரில் கம்பெனி பஸ் 6.10க்குப் பதில் 6.22. பெரியபாளையம் தாண்டியதும் தூக்கம், ஆரணியில் விழிப்பு.

சென்னையிலிருந்து வாடகை லென்ஸ்கள் வந்து சேர்ந்தன. மூன்று: 50, 85, 135 மி.மீ. திங்கள் 29க்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் சோதித்து ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குவதாக முடிவு. என்னிடம் இருப்பது காமிராவுடன் வந்த 35 மட்டுமே. இயற்கைக் காட்சிக்குச் சரி, முகத்துக்கு ஆகாது.

காரணம் பதிவுக்காக: பேக்கிங் பிரிவு தேசம்மாள் 30ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். இருபத்தொன்பது ஆண்டுப் பணி. கேன்டீன் செல்லும் நடையில் ஓய்வு பெற்றோர் படங்கள் ஒன்பது உள்ளன; இவருடையது பத்தாவது. இதுவரை எல்லாம் கேட்-பாஸ் படத்தைப் பெரிதாக்கியவை. ஒருவர் முகம்கூடத் தெளிவில்லை. இம்முறை ஒழுங்காக எடுக்கலாம் என்று மேலிடம். பர்சனல் பிரிவு பிரவீண் என் பெயரைச் சொல்லிவிட்டார். "சார்கிட்ட காமிரா இருக்கு, டைமும் இருக்கு." இரண்டாவது கூற்று தவறு.

சுவர்ப் படத்துக்கான செயல்முறை ஆவணத்தை மீண்டும் படித்தேன்:
1. ஒருவர் மட்டும்.
2. தலையும் தோளும். முகம், படத்தின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல்.
3. பின்னணி வெறுமையாக.
4. பார்வை நேராக.

தெளிவான ஆவணம். எழுதியவன் நானே; ஆலையின் விதி ஆவணங்கள் எல்லாம் என் பொறுப்பு.

செப். 19, வெள்ளி

பணி நேரம் முடிந்தபின் அளவுக்கருவி அறையில் லென்ஸ் சோதனை. ஸ்டீல் ஸ்கேலைச் சுவரில் பொருத்தி, காமிராவுக்கு முக்காலி போட்டு, மூன்று லென்ஸிலும் ஒவ்வொரு அபர்ச்சருக்கும் (ஒளித் துளை அளவு) ஒரு படம். அரை மில்லிமீட்டர் கோடுகளின் கூர்மையை ஒப்பிட்டு அட்டவணை. 85 முதலிடம். 135 மிக அருகில் இரண்டாமிடம். 50, ஓரங்களில் மங்கல்.

பிரவீண் கதவைத் திறந்து ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"சார், ரிட்டையர் ஆவறது ஸ்கேலா?"

சிரிக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

செப். 20, சனி

புரட்டாசி முதல் சனி. காலையில் பெருமாள் சேவை. கூட்டம் குளக்கரை வரை. வீடு திரும்பி மாவிளக்கு. பிறகு கோமளாவை உட்கார வைத்துச் சோதனை. (மனைவி முகத்தில் அரை மில்லிமீட்டர் கோடுகள் இல்லை என்று எச்சரிக்கையாகக் கூறினேன். நல்ல தொடக்கமாக அமையவில்லை.)

முறை: எல்லா லென்ஸிலும் முகம் ஒரே அளவாக விழ வேண்டும். அதற்கேற்ப நான் நகர வேண்டும்.

35 — 70 செ.மீ.
50 — 1 மீ.
85 — 1.7 மீ.
135 — 2.7 மீ.

35இல் எடுத்ததைக் காட்டினேன். கோ.: "ஏன்னா, யாரு இது? மூக்கு முன்னாடி வந்து நிக்கறது, நான் பின்னாடி வரேன்!"

விளக்கினேன். குற்றம் லென்ஸுடையது அல்ல, தூரத்தினுடையது. எழுபது செ.மீ. அருகில் நின்றால் மூக்கு காதைவிட மிகக் கிட்டத்தில் இருக்கிறது, ஆகவே பெரிதாகிறது. விலகி நின்றால் எல்லாம் ஏறத்தாழ ஒரே தூரம், முகம் ஒழுங்காகிறது. ஆகவே நீண்ட லென்ஸ்.

"அப்போ என்னை நன்னாப் பாக்கணும்னா நீங்க தள்ளி நிக்கணும்கறேள். நான் சொன்னா மட்டும் கோவம் வரும்."

135க்குக் கூடம் போதவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கிச் சமையலறைக்குள் போய்விட்டேன். கூடத்திலிருந்து குரல்: "அங்கதானே நிக்கறேள், அப்படியே பாலைப் பாத்துக்கோங்கோ."

பால் பொங்கியது. கவனிக்கவில்லை. படம் நன்றாக வந்துள்ளது.

முடிவு: 85. முகம் இயல்பு, பின்னணி பஞ்சாகக் கரைகிறது. கோ.-வுக்கும் பிடித்தது. ஆனால் ஒரு குறை சொன்னாள்: "நன்னாதான் இருக்கேன். எங்க இருக்கேன்னுதான் தெரியலை. புதுத்திரை போட்டேனே, அதையே காணோமே."

திரை கரைவதற்காகத்தான் லென்ஸ் என்றேன். முறைத்தாள்.

செப். 22, திங்கள்

பேக்கிங் பிரிவு. 11 மணி டீ நேரம். தேசம்மாளிடம் விஷயம் சொன்னேன்.

"வேணாம் சார்."

"அஞ்சு நிமிஷம்தான்."

"அஞ்சு நிமிஷம் இல்ல, அர நிமிஷமும் வேணாம். போட்டோ வேணாம். செவுத்துல மாட்டவும் வேணாம்."

"வழக்கம்மா. பத்து வருஷமா எல்லாருக்கும்..."

"வயக்கம்னா நீ மாட்டிக்கோ சார். உம்மூஞ்ச மாட்டு, நா தெனம் பாத்துக்கினு போறேன்."

மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் கொல்லெனச் சிரித்தார்கள். அதில் கன்னியம்மா சிரிப்பு மட்டும் டீ முடியும் வரை நிற்கவில்லை.

பிரவீண் தகவல்: வெள்ளி மதியத்துக்குள் படம் கிடைக்காவிட்டால் கேட்-பாஸ் படத்தையே பெரிதாக்க அனுப்பிவிடுவாராம். தேசம்மாளிடம் அதையும் சொன்னேன். முகம் மாறிவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பஸ்ஸில் காரணங்களைப் பட்டியலிட்டேன்:
அ. கூச்சம் (வாய்ப்பில்லை, நம் ஆலையிலேயே உரத்த குரல் அவருடையது).
ஆ. கம்பெனி மீது வருத்தம்.
இ. என் மீது வருத்தம்.
ஈ. முன்பல் ஒன்று இல்லை.

எதற்கும் சான்று இல்லை.

செப். 23, செவ்வாய்

வெயில் கடுமை. கேன்டீனில் தக்காளி சாதம், சுமார்.

கன்னியம்மா பரிந்து பேசியதால் தேசம்மாள் ஒரே ஒரு படத்துக்கு இசைந்தார், பார்ப்பதற்காக மட்டும் என்ற நிபந்தனையுடன். சரக்கு வாசலில் வடக்கு வெளிச்சம். வெள்ளை அட்டையின் முன் ஸ்டூல். 85. தூரம் டேப் வைத்து 1.7 மீ.

என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல முகப்படம் எடுத்ததில்லை. கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனி. நெற்றியில் பழைய தழும்பு, மூக்குத்தியில் ஒரு புள்ளி ஒளி. காமிராவைத் திருப்பிக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது."

"சொன்னேனே."

"ஒண்ணே ஒண்ணு கொறையுது சார்."

"என்ன?"

"மால."

புரியவில்லை. தாமே சொன்னார். சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஏகாம்பரம், ஆயுத பூஜைக்கு மறுவாரம் ஏதோ கையெழுத்துக்காக வந்திருக்கிறார். நடையில் தம் படத்தைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு, குங்குமம், காய்ந்த சாமந்தி மாலை, ஓரத்தில் எரிந்து தீர்ந்த ஊதுவத்திக் குச்சி.

"அந்தாளு என்னாண்ட வந்து கேக்குறான் சார், 'தேசம்மா, நா எப்ப செத்தேன்?'ன்னு. சிரிச்சிக்கினுதான் கேட்டான். ஊட்டுக்குப் போயி ரெண்டு நாளு சோறு துன்னலியாம். அவன் பொண்டாட்டி திஷ்டி சுத்திப் போட்டுது."

"பூஜைன்னா மரியாதைக்குப் போடறதும்மா."

"தனியா ஒரு மூஞ்ச புடிச்சி, பெருசாக்கி, செவுத்துல மாட்டி, மால போட்டா அதுக்கு எங்கூர்ல இன்னா அர்த்தம் சார்? எங்கூட்ல ஒரு ஆளு அந்த மாரி தொங்குறாரு. ஏழு வருசமா தெனம் தொடச்சி பொட்டு வெக்கிறேன். போதும். நா ரிட்டையர்தான் ஆவுறேன்."

படத்தை அழிக்கட்டுமா என்றேன். "ஏன் அயிக்கிற? நல்லாத்தான் புடிச்சிகிற. பின்னால தேவப்படும், வச்சிரு" என்று சிரித்துவிட்டு ஆரம்பாக்கத்துக்கு ரயில் பிடிக்கப் போனார்.

செப். 24, புதன்

காலை 8.40, நடையில் ஒன்பது படங்களையும் ஆய்வு செய்தேன். இத்தனை நாளும் தினம் இருமுறை கடந்து சாப்பிடப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை.

கண்டவை: ஒவ்வொரு சட்டத்தின் மேலும் இரு ஆணிகள், மாலைக்கு. செயல்முறையில் ஆணி பற்றி ஏதும் இல்லை. கண்ணாடிகளில் சந்தனக் கறை. ஒன்பது பேரும் நேராகப் பார்க்கிறார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, பின்னால் ஒன்றுமில்லை. ஒன்பது பேரும் உயிருடன் இருக்கிறார்கள் என்பதைப் பிரவீணிடம் உறுதி செய்துகொண்டேன்.

துப்புரவுப் பிரிவு மேஸ்திரி முனுசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆணி யார் அனுமதி?

"அனுமதி இன்னா சார், போட்டோன்னு இருந்தா மால போடணும். இல்லன்னா அவமரியாதை. பத்தாவதுக்கும் இன்னிக்கே ஆணி அடிச்சிட்டேன் பாரு."

பார்த்தேன். வெறும் சுவரில் இரண்டு ஆணிகள், தேசம்மாளுக்காகக் காத்துக்கொண்டு.

"இந்தத் தடவை படங்களுக்கு மாலை வேண்டாம்னா?"

"மெஷினுக்கு உண்டு, போர்க்லிப்ட்டுக்கு உண்டு, உன்னோட ஸ்கேலுக்குக் கூட உண்டு. இருவது வருசம் ஒழச்சவனுக்கு இல்லியா? நல்லா கீதே நாயம்!"

அவர் வாதத்தில் பிழையில்லை. பிழை ஆவணத்தில். ஒருவர் மட்டும், தலையும் தோளும், வெறும் பின்னணி, நேர்ப் பார்வை — இறந்தவர் படத்துக்கான இலக்கணத்தை வரி பிசகாமல் எழுதி, கையொப்பமிட்டு, எண் கொடுத்திருக்கிறேன். அதை முழுமையாக நிறைவேற்றும் லென்ஸையும் ஒரு வாரமாகத் தேடியிருக்கிறேன்.

இரவு கோ.-விடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பிறகு: "பாவம் அந்தம்மா. ஏதாவது பண்ணுங்கோ."

செப். 25, வியாழன்

பண்ணினேன். அல்லது நடந்தது.

எண்ணியது இது: வேலை செய்யும்போது பக்கவாட்டில் எடுத்தால் நேர்ப் பார்வை இராது, துக்கக் களை குறையும். ஒருவர் மட்டும் என்ற விதியும் காக்கப்படும். தேசம்மாள் அரைமனதுடன், "வேலைய கெடுக்காம புடிச்சிக்கோ" என்றார்.

85ஐ மாட்டி மேசைக்கு எதிரே நின்றேன். முகம் மட்டுமே விழுந்தது; கையும் வேலையும் இல்லை. ஓர் அடி பின்னால். மற்றோர் அடி. குதிகால் மஞ்சள் கோட்டில் பட்டது. கோட்டுக்கு அப்பால் போர்க்லிப்ட் பாதை. நடப்பவர் எவரும் நிற்கலாகாது.

கன்னியம்மா பார்த்துவிட்டாள். "சார்! கோட்ட தாண்டாதே! போன மாசம் எனுக்கு மெமோ குடுத்தது நீதான்!"

உண்மை. கொடுத்தேன்.

தாண்ட முடியாது. நெருங்கவும் முடியாது. பையில் 50. மாட்டினேன், போதவில்லை. மிஞ்சியது முகத்துக்கு ஆகாத பழைய 35. அதை மாட்டிக் கண்ணில் வைத்தேன். தேசம்மாள் மட்டும் இல்லை; மேசை முழுவதும் உள்ளே வந்துவிட்டது. அட்டைப்பெட்டி மலை, டேப் உருளைகள், தொங்கும் மின்விசிறி, ஆறு பெண்கள். ஒதுக்கிப் பார்க்க இடமும் வலமும் நகர்ந்தேன். யாரை ஒதுக்கினாலும் மற்றொருத்தி வந்தாள்.

அந்தச் சமயம் ஒரு பெட்டியின் அடிப்பாகம் பிரிந்து, போல்ட் பொட்டலங்கள் தரையெங்கும் ஓடின. தேசம்மாள் கையை ஓங்கினார்:

"இன்னாமே ஒட்டிகிற! டேப்பா அது, நெத்திப் பொட்டா? இஸ்த்து ஒட்டுன்னா ஒட்டணும்! நா போன பொறவு இந்த மேஜ இன்னா கெதி ஆவப்போவுதோ!"

"நீ போனா காது நல்லாயிடும் எங்களுக்கு!" என்றாள் கன்னியம்மா.

எல்லோரும் சிரிக்க, திட்டிக்கொண்டிருந்தவரும் சிரிக்க, விரல் தானாக அழுத்தியது.

குறைகள்: அட்டவணைப்படி ஏராளம். இடது ஓரத்தில் கன்னியம்மா அகலமாக இழுபட்டிருக்கிறாள். தேசம்மாள் கை ஆடியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. இல்லாத பல் தெரிகிறது. பின்னணி எதுவும் கரையவில்லை.

காட்டினேன். ஆறு தலைகள் காமிராவைச் சூழ்ந்தன.

"யோவ் சார், நா இவ்ளோ குண்டா?" — கன்னியம்மா. 35இல் ஓரத்தில் நிற்பவர் அகலமாவார் என்று விளக்கினேன். "அப்ப அடுத்த தபா நடுவுல நிக்கிறேன், ஓரத்துல மேனேஜர நிறுத்து."

தேசம்மாள் காமிராவைத் தம் பக்கம் இழுத்தார். திரையை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். (முந்தானையால் துடைக்கக் கூடாது. சொல்லவில்லை.)

"இத்த மாட்டு சார்."

"நிஜமாவா?"

"இதுல நா கீறேன்."

செப். 26, வெள்ளி

பிரவீண்: "சூப்பரா இருக்கு சார். ஆனா முடியாது. ஒருத்தர் மட்டும்னு ரூல். உங்க ரூல்."

அவர் சொல்வது சரி. நானே என் ஆவணத்தை மீற இயலாது. திருத்தலாம். 9.30 முதல் 10.50 வரை திருத்தக் குறிப்பு எழுதினேன்:

1. ஓய்வு பெறுபவர், தம் பணியிடத்தில், உடன் பணிபுரிவோருடன்.
2. முகத்தின் அளவு: அடையாளம் தெரியும் அளவு.
3. பின்னணி: அவருடையது.
4. பார்வை: அவர் விருப்பம்.
5. ஓய்வு பெறுபவர் படத்தைப் பார்த்து ஒப்பிய பின்னரே மாட்டப்படும்.

மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? இருமுறை அடித்து எழுதினேன். கடைசியில்: "முந்தைய பதிப்பு உயிருடன் இருப்பவர்களைக் கருத்தில் கொள்ளவில்லை."

ஆலைத் தலைவர் படித்து, கண்ணாடியைக் கழற்றி, மீண்டும் படித்துக் கையெழுத்திட்டார். 11.45க்குப் படம் அச்சுக்குப் போனது. கெடுவுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு.

செப். 27, சனி

இரண்டாம் சனி. சேவை, புளியோதரை. மதியம் லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். திங்கள் காலை கூரியர்.

கோ.: "கடைசில எதை வாங்கறேள்?"

"85. உன்னை எடுக்க."

"திரையோட எடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ பழசே போதும். மூக்கைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, போங்கோ."

வாங்குவது ஒத்திவைக்கப்பட்டது. ஒரு கவலை மட்டும் மிச்சம். முனுசாமியின் இரண்டு ஆணிகள். சட்டத்தின் மேல் மாலை விழுந்துவிட்டால், 35ஆனால் என்ன, 85ஆனால் என்ன.

செப். 29, திங்கள்

சட்டமிட்ட படம் வந்தது. நன்று. கன்னியம்மாவின் அகலம் அச்சில் சற்றே குறைவு; அவளிடம் தெரிவித்தேன்.

முனுசாமியிடம் மீண்டும் பேசினேன். ஆணியைப் பிடுங்க மறுத்துவிட்டார். "ஒன்போது பேருக்குப் போட்டு, இந்தம்மாக்கு மட்டும் போடாத வுட்டா நாளைக்கு என்னிய கேப்பாங்க சார். பொம்பளன்னு வுட்டியான்னு கேப்பாங்க." பத்து மாலைக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

தேசம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

செப். 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை விடுமுறை. ஆகவே ஆலையில் இன்றே பூஜை. காலை முதல் கழுவல், வாழைக்கன்று, தோரணம். என் அறையில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்டீல் ஸ்கேல் அனைத்தையும் தாம்பாளத்தில் வரிசைப்படுத்தினேன். சந்தனம் கைப்பிடியில் மட்டும், அளவுப் பரப்பில் கூடாது என்று வழக்கம்போல் அறிவிப்பு. காமிராவுக்கும் ஒரு பொட்டு, வார்ப்பட்டையில்.

3.30க்கு நடையில் தேசம்மாள் வழியனுப்பு. மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை. பேக்கிங் பிரிவு முழுவதும் பின்னால். ஆலைத் தலைவர் துணியை விலக்கினார். கைதட்டல். "பல்லு தெரியுதுடீ!" என்று ஒரு குரல். "தெரியட்டுமே, இல்லாத பல்லுதானே" என்றார் தேசம்மாள்.

அதற்குள் முனுசாமி மறுமுனையிலிருந்து தம் வேலையைத் தொடங்கிவிட்டார். கூடை நிறையச் சாமந்தி. ஏகாம்பரத்துக்கு மாலை, பொட்டு. அடுத்தவருக்கு மாலை, பொட்டு. ஒவ்வொன்றாக நெருங்கி வந்தார். தேசம்மாள் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஆணிகளைப் பார்த்தேன்.

பத்தாவது படத்தின் முன் முனுசாமி சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, தூக்கி, நிறுத்தினார். விரல் கண்ணாடியின் முன் இடமிருந்து வலமாக நகர்ந்தது. மறுபடி வலமிருந்து இடமாக.

"சார், இதுல ஆறு பேரு கீறாங்களே. யாருக்கு வெக்கிறது பொட்டு?"

"எனுக்கு வச்சியோ, கைய ஒடச்சிடுவேன்!" — கன்னியம்மா. "எனுக்கு இன்னும் பன்னெண்டு வருசம் கீது!"

"எனக்கும் வேணாம்!" "எனக்கும்!" மேசைப் பெண்கள் அனைவரும்.

முனுசாமி ஒரு கையில் மாலை, ஒரு கையில் சந்தனத்துடன் நின்றார். பாவமாக இருந்தது. நியாயமான மனிதர், பத்து மாலையில் ஒன்றை எங்கே போடுவார்?

தேசம்மாள் முன்னால் வந்தார். தலையைக் குனிந்தார்.

"மரியாதன்னா இங்க போடு நைனா. நா இங்கதான கீறேன்."

முனுசாமி போட்டார். நெற்றியில் சந்தனமும் வைத்தார், நேராக. விசில் சத்தம் கேன்டீன் வரை. தேசம்மாள் நிமிர்ந்து, ஆணி இரண்டும் வெறுமையாக இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார் நின்னுக்கினு கீற? புடி!"

காமிராவில் 35தான் இருந்தது. கூட்டம் முதுகில் தள்ளியது, பின்வாங்க இடமில்லை. எடுத்தேன். தூரம் எழுபது செ.மீ. இருக்கலாம். அளக்கவில்லை.